கிரீக் யோகட்டா, சட்டித் தயிரா? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் நெடுங்காலம் மனைப்பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் தொலைபேசியில் “அம்மா, கிரீக் யோகட் சாப்பிடுங்கோ” என்று சொல்லத் தொடங்கிய நாளிலிருந்து, சந்தையிலும் கோயில் வாசலிலும் கலியாண வீடுகளிலும் இதே சந்தேகங்களை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. ஒருவருக்குச் சொன்னதையே மறுநாள் இன்னொருவருக்கும் சொல்ல வேண்டியிருந்ததால், கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கேள்விகளை எழுதி, பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

கிரீக் யோகட் எண்டால் என்ன ரீச்சர்? அது வேற மாட்டுப் பாலா?

இல்லை. இன்று கடைகளில் விற்கப்படுவதில் பெரும்பகுதி சாதாரணப் பசுப்பாலில் செய்யப்பட்டதுதான். பாலை உறையவைத்து யோகட் ஆக்கும்வரை எல்லாம் ஒன்றே. அதன் பிறகு அதைத் துணியிலோ இயந்திரத்திலோ வடித்து, அதிலுள்ள தண்ணீரில் ஒரு பெரும்பங்கை நீக்கிவிடுகிறார்கள். தயிரைக் கரண்டியால் வெட்டி எடுத்த குழியில் சற்று நேரத்தில் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் தேங்குமே, அந்தத் தெளிந்த நீர்தான் வடிக்கப்படுவது. அந்த நிறம் ரிபோபிளேவின் என்ற உயிர்ச்சத்தினால் வருவது. கெட்டுப்போனதற்கான அடையாளம் அல்ல.

வடித்தபின் மிஞ்சுவது அடர்ந்த, வெண்ணெய் போல் பூசக்கூடிய ஒரு பொருள். ஒரு கிலோ கிரீக் யோகட்டுக்கு ஏறத்தாழ மூன்று அல்லது நான்கு லீற்றர் பால் தேவைப்படுகிறது. சாதாரண யோகட்டுக்கு ஒரு லீற்றரளவே போதும். விலை ஏன் அவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதற்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

அப்ப கப்பில விக்கிற யோகட்டும் சட்டித் தயிரும் ஒண்டா?

இரண்டும் உறைந்த பால் என்பதைத் தவிர அதிக உறவு இல்லை. கப் யோகட் பசுப்பாலில் செய்யப்படுவது. பாலைச் சூடாக்கி, 43 பாகை செல்சியஸ் அளவுக்கு ஆறவைத்து, தெரிந்தெடுத்த இரண்டு பற்றீரியாக்களை, அதாவது லக்டோபசிலஸ் பல்கேரிகஸ், ஸ்ரெப்டோகொக்கஸ் தேர்மோபிலஸ் ஆகியவற்றைச் சேர்த்து, சில மணி நேரத்தில் உறையவைக்கிறார்கள். நம் நாட்டுக் கப்புகளில் பெரும்பாலும் சீனியும், அசையாமல் நிற்பதற்காக ஜெலட்டினும் கலந்திருக்கும். முதற் சொன்ன பற்றீரியாவை 1905 இல் ஜெனீவாவில் படித்துக்கொண்டிருந்த ஸ்ராமென் கிரிகொரோவ் என்ற பல்கேரிய மாணவர் கண்டறிந்தார்; பெயரில் பல்கேரியா இருப்பது அதனால்தான்.

சட்டித் தயிரில் சீனியும் இல்லை, ஜெலட்டினும் இல்லை. எருமைப் பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, முந்திய நாள் தயிரில் சிறிது உறையாக விட்டு, மண்சட்டியில் ஊற்றி இரவு முழுதும் வைக்கிறார்கள். அந்த உறையில் எந்தெந்தப் பற்றீரியாக்கள் கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன என்பது பட்டிக்குப் பட்டி மாறும். ஒரே வீதியில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கடைகளின் தயிர் இரண்டு ருசியாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

பிறகு ஏன் அந்தக் கிரீக் யோகட்டை இப்படித் தூக்கிப் பிடிக்கிறாங்கள்?

அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. முதலாவது புரதம். கொழுப்பு நீக்காத சாதாரண வெறும் யோகட்டில் 100 கிராமுக்கு சுமார் 3.5 கிராம் புரதம் இருக்கும்போது, கொழுப்பு நீக்கிய கிரீக் யோகட்டில் அது 10 கிராமளவில் இருக்கிறது. இரண்டிலும் கலோரி ஏறத்தாழ 60 தான். அதே வயிற்றுக்கு, அதே கலோரிக்கு, ஏறக்குறைய மூன்று மடங்கு புரதம் கிடைக்கிறது என்பது உடல் எடையைக் கவனிப்பவருக்குச் சின்ன விஷயம் அல்ல. புரதம் கூடிய உணவு பசியை நீண்ட நேரம் அடக்கியும் வைக்கும்.

இரண்டாவது காரணம் வாய்க்கு வருவது. நீர்த்தன்மை இல்லாமல், நாக்கில் கனமாகப் படிந்து மெல்லக் கரையும். கொழுப்பே இல்லாத ஒன்று கொழுப்புள்ளது போன்ற நிறைவைத் தருகிறது. கொழுப்பு நீக்கிய யோகட்டைத் தண்ணியாகத் தின்று சலித்திருந்த மேற்கு நாட்டவருக்கு இது புதையல் போல் இருந்திருக்கும். 1926 இல் ஏதென்ஸில் தொடங்கிய ஃபாகே நிறுவனம் 1998 இல் அமெரிக்காவுக்கு இதை அனுப்பத் தொடங்கியது. 2005 இல் நியூயோர்க் மாநிலத்தில் மூடப்பட்டிருந்த ஒரு யோகட் ஆலையை வாங்கிய ஹம்தி உலுகாயா என்பவர், 2007 இல் சொபானி என்ற பெயரில் விற்பனையை ஆரம்பித்து, சில வருடங்களுக்குள் அதை அமெரிக்கக் குளிர்சாதனப் பெட்டிகளின் வழக்கமான பண்டமாக்கினார். அவர் கிரேக்கர் அல்லர், துருக்கியிலிருந்து போனவர்.

நம்மட எருமைத் தயிரும் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத கட்டிதானே? அதுவும் கிரீக் யோகட் மாதிரித்தானே?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்பவர்களின் குரலில் சிறிது பெருமையும் இருக்கும். அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. கந்தளாயிலிருந்து தம்பலகாமம் வழியாக நகரத்துக்கு வரும்போது வீதியோரத்தில் அடுக்கி வைத்திருக்கும் சட்டிகளில் ஒன்றை வாங்கி, வாயைக் கட்டியிருக்கும் கடதாசியை அவிழ்த்துப் பாருங்கள். மேலே ஆடை மஞ்சள் சாயலோடு சுருங்கி நிற்கும். கரண்டியை இறக்கினால் அது முதலில் சற்று எதிர்க்கும், பிறகு ஒரேயடியாக உள்ளே போகும். வெட்டிய பக்கம் சுண்ணாம்புச் சுவர் போல் நிமிர்ந்து நிற்கும்.

ஆனால் இந்தக் கட்டித்தன்மையும் அந்தக் கட்டித்தன்மையும் வெவ்வேறு வழிகளில் வந்தவை. பசுப்பாலில் கொழுப்பு 3.5 இலிருந்து 4 சதவீதம்; எருமைப் பாலில் 7 இலிருந்து 8 சதவீதம். புரதமும் எருமைப் பாலில் கூடத்தான் என்றாலும், வித்தியாசம் அவ்வளவு பெரிதல்ல: பசுப்பாலில் 3.3 அளவில் இருந்தால் எருமைப் பாலில் 4 இலிருந்து 4.5 வரை இருக்கும். ஆகவே, நம்முடைய தயிர் பெரும்பாலும் கொழுப்பின் துணையால் கட்டியானது. கிரீக் யோகட் தண்ணீரை இழந்து, புரதம் செறிந்ததால் கட்டியானது. 100 கிராம் கிரீக் யோகட்டில் இருக்கும் புரதத்தைச் சட்டித் தயிரில் பெறுவதற்கு அதைப்போல் இரண்டு மடங்கு சாப்பிட வேண்டும். கூடவே நிறையக் கொழுப்பும் உள்ளே போகும்.

மண்சட்டிக்கும் இதில் ஒரு சிறு பங்கு இருக்கிறது. சுட்ட மண் நுண்துளைகள் கொண்டது. தயிரின் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி வெளிப்புறமாக ஆவியாக்கிவிடும். சட்டியின் வெளிப்பக்கம் தொட்டால் குளிர்ந்திருப்பது அதனால்தான். துணியில் வடிப்பதைச் சட்டி மிக மெதுவாக, மிகச் சிறிய அளவில் செய்துகொண்டிருக்கிறது என்று சொல்லலாம். அதே தயிரைப் பிளாஸ்ரிக் வாளியில் உறையவைத்தால் அந்தப் பிடிப்பு வருவதில்லை.

ருசியில் எது மேல் என்று கேட்டால், யோசிக்காமல் சட்டித் தயிர் என்பேன். புரதத்துக்காகத்தான் சாப்பிடுகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவருக்கு அதையே பதிலாகச் சொல்ல மாட்டேன்.

உண்மையில அது கிரேக்க நாட்டுச் சாமான்தானா?

தயிரை வடிக்கும் பழக்கம் கிரேக்கருக்கு மட்டும் உரியதல்ல. அரபு நாடுகளில் லப்னே, துருக்கியில் சுஸ்மே என்று இதற்குப் பெயர்கள் உண்டு. குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் துணியில் கட்டி வடித்த தயிரில் சீனியும் ஏலமும் குங்குமப்பூவும் சேர்த்து ஸ்ரீகண்ட் செய்கிறார்கள். உலகச் சந்தைக்கு முதலில் கொண்டுபோனவர் பெயர் நிலைத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆயினும் இந்தப் பெயருக்காக இங்கிலாந்தில் வழக்கே நடந்தது. அமெரிக்காவில் செய்த யோகட்டைச் சொபானி அங்கே “கிரீக் யோகட்” என்று விற்றபோது ஃபாகே வழக்குத் தொடுத்தது. அந்நாட்டு மக்கள் அந்தப் பெயரைக் கேட்டால் கிரேக்கத்தில் செய்யப்பட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள் என்று 2013 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வேறு நாட்டில் செய்தவற்றில் “கிரீக் பாணி” என்று எழுதுவதை அங்கே காணலாம்.

அந்தப் “பாணி” என்ற சொல்லைக் கண்டால் சற்றுக் கவனம் தேவை. சில தயாரிப்புகள் வடிக்கப்படுவதே இல்லை. பால்மா, மாப்பொருள், ஜெலட்டின் போன்றவற்றால் தடிப்பாக்கப்படுகின்றன. கப்பைத் திருப்பிப் பாருங்கள்: பாலும் பற்றீரியாவும் மட்டும் இருந்து, 100 கிராமுக்குப் புரதம் 8 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் வடித்ததென்று நம்பலாம்.

வீட்டில செய்ய ஏலுமா?

மிக இலகுவாக ஏலும். சீனி சேர்க்காத பசுத்தயிர் ஒரு கிலோவை எடுங்கள். சுத்தமான பழைய வெள்ளை வேட்டித் துண்டை அவித்துக் காயவைத்து, இரண்டாக மடித்து, ஒரு வடிதட்டின் மேல் விரித்து, தயிரை ஊற்றுங்கள். வடிதட்டைப் பாத்திரத்தின் மேல் வைத்து, எல்லாவற்றையும் மூடி, குளிர்சாதனப் பெட்டிக்குள் நான்கு மணி நேரம் விடுங்கள். அரைக் கிலோவை ஒட்டி மிஞ்சும். சீனியும் ஜெலட்டினும் கலந்த கப் யோகட்டை இப்படி வடிக்க முயல வேண்டாம். ஜெலட்டின் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும், துணிதான் அழுக்காகும்.

குளிர்சாதனப் பெட்டிக்குள் என்று வலியுறுத்துவதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். முதல் தடவை, பழைய முறை என்று எண்ணி, மூட்டையாகக் கட்டிக் குசினி யன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். கச்சான் காற்று வீசிய ஆடி மாதம். பின்னேரம் பார்த்தால் மூட்டையின் வெளிப்புறம் காய்ந்து தோல் போலாகி, உள்ளே வாய் கூசும் புளிப்பு. கயிற்றின் வழியே எறும்புகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. நம்மூர் வெப்பத்தில் பற்றீரியாக்கள் ஓய்வதில்லை, வடியும் நேரம் முழுவதும் புளிப்பைக் கூட்டிக்கொண்டே இருக்கும்.

வடிஞ்ச தண்ணியைக் கொட்டுறதா?

வேண்டாம். அதில் லக்டோஸ் என்ற பாற்சீனியும் தாதுப்பொருட்களும் சிறிதளவு புரதமும் இருக்கின்றன. ரொட்டிக்கு மா குழைக்கத் தண்ணீருக்குப் பதிலாக விடலாம். உப்பும் இஞ்சியும் கறிவேப்பிலையும் சேர்த்து மோர் போலக் குடிக்கலாம். பெரிய ஆலைகளுக்கு இது உண்மையான தலையிடி. புளித்த இந்த நீர் ஆற்றில் கலந்தால் அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சிவிட, மீன்கள் மூச்சுமுட்டிச் சாகும்.

எருமைத் தயிரையே வடிச்சால் இரட்டிப்பு நல்லதுதானே?

இரட்டிப்பு ருசி என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். வடிக்கும்போது வெளியேறுவது தண்ணீரும் அதில் கரைந்தவையுமே. கொழுப்பு துணிக்குள் தங்கிவிடும். ஏற்கெனவே 7 சதவீதக் கொழுப்புள்ள தயிரை வடித்தால் கொழுப்பு 10 சதவீதத்தைத் தாண்டும். புரதமும் கூடும், ஆனால் அது கிரீக் யோகட் ஆகாது. கிட்டத்தட்டப் பாலாடைக்கட்டியின் தங்கை ஆகும். பாணில் பூச மிக நன்றாக இருக்கும்.

கல்சியமும் கிரீக்கிலதான் கூட எண்டு மகள் சொல்லுறாள்.

பலரும் அப்படி நினைக்கிறார்கள். புரதம் கூடினால் எல்லாம் கூடும் என்ற எண்ணம். கல்சியம் அப்படிக் கூடுவதில்லை. பால் புளிக்கும்போது அதன் புரதத்தோடு ஒட்டியிருந்த கல்சியம் கழன்று நீரில் கரைகிறது. பிறகு அந்த நீரைத்தான் நாம் வடிக்கிறோம். அதனால் 100 கிராமுக்குக் கணக்கிட்டால் கிரீக் யோகட்டில் சுமார் 110 மில்லிகிராமும், சாதாரண யோகட்டில் சுமார் 120 மில்லிகிராமும் இருக்கும். எலும்புக்காகச் சாப்பிடுபவர் வடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

எனக்குச் சீனி வருத்தம். எதைச் சாப்பிடலாம்?

சீனி சேர்க்காத எதுவும் சாப்பிடலாம். தீர்மானிப்பது அதனோடு நீங்கள் ஊற்றுவதுதான். வெறும் யோகட்டில் 100 கிராமுக்கு 4.7 கிராமளவு பாற்சீனி இயல்பாக இருக்கும். கிரீக் யோகட்டில் அது 4 கிராமுக்குக் கீழே போகலாம். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் தயிருக்கு நாம் ஊற்றும் கித்துள் பாணியில், அதாவது கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சிய பாகில், ஒரு மேசைக்கரண்டிக்கு 10 கிராமுக்கு மேல் சீனி இருக்கிறது, யாரும் ஒரு கரண்டியோடு நிறுத்துவதும் இல்லை. “பாணி இயற்கையானது ரீச்சர்” என்பார்கள். இரத்தத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது.

பழச்சுவை சேர்த்த கிரீக் யோகட்டுக்கும் இதே எச்சரிக்கை. பொதியின் மேலிருக்கும் சீனிக்கான நிற வட்டத்தைப் பாருங்கள், பெயரைப் பார்க்காதீர்கள்.

பால் குடிச்சால் வயிறு ஊதும். இது ஒத்துவருமா?

பாற்சீனியைச் செரிக்க முடியாததால் வரும் உபாதையானால், உறைந்த எந்தப் பாலும் காய்ச்சிய பாலைவிட ஒத்துவரும். பற்றீரியாக்கள் அந்தச் சீனியில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. மிஞ்சியதைச் செரிக்கவும் உதவுகின்றன. வடித்ததில் இன்னும் சற்றுக் குறைவு. முதலில் இரண்டு மேசைக்கரண்டி சாப்பிட்டு ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். பாற்புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவர்கள் எதையும் தொடக் கூடாது.

மகன் ஜிம்முக்குப் போறான். தினமும் கிரீக் யோகட் வேணுமாம். வாங்கிக் குடுக்கத்தான் வேணுமா?

200 கிராமில் 18 முதல் 20 கிராம் வரை புரதம் கிடைக்கும். உடற்பயிற்சி செய்பவருக்கு நல்ல உணவுதான். ஆனால் ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. 100 கிராம் சூரை மீனில் 20 கிராமுக்கு மேல் இருக்கிறது. கடலை வாசலில் வைத்துக்கொண்டு புரதத்துக்குக் கிரேக்கத்தை நினைப்பது எனக்குச் சிரிப்பாகவே இருக்கிறது. கப்பின் விலையை அதிலுள்ள புரதக் கிராம்களால் வகுத்து, மீனுக்கும் முட்டைக்கும் பருப்புக்கும் அதையே செய்து, மகனிடம் கொடுங்கள். கணக்குப் பார்த்தபின்னும் ருசிக்காகக் கேட்டால், வேட்டித் துண்டும் வடிதட்டும் வீட்டில் இருக்கின்றன என்று சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை சைவம். யோகட் சாப்பிடலாமா?

ஜெலட்டின் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. பால்தானே என்று விரத நாளில் கப் யோகட் சாப்பிட்ட பலர், இதைச் சொன்னபோது என்னை நம்பாமல் பார்த்தார்கள். சைவக்காரர் உட்பொருட்களில் ஜெலட்டின் இல்லாததைத் தெரிந்தெடுக்க வேண்டும். கிண்ணியா, மூதூர்ச் சிநேகிதிகள் இதே இடத்தில் ஹலால் சின்னத்தைத் தேடுவார்கள். சட்டித் தயிரிலும் உண்மையாக வடித்த கிரீக் யோகட்டிலும் இந்தப் பிரச்சினை எழுவதில்லை.

அப்பாவுக்குக் கிட்னி வருத்தம். புரதம் நல்லதெண்டு இதைக் குடுக்கலாமா?

மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். பதவிசிறிபுரப் பக்கம் நீண்டகாலச் சிறுநீரக நோய் எத்தனை குடும்பங்களை வாட்டுகிறது என்பது நம் மாவட்டத்தவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த நோயில் புரதத்தின் அளவையும் பொசுபரசின் அளவையும் மருத்துவர் கட்டுப்படுத்த வேண்டியிருக்கலாம். மற்றவருக்கு அனுகூலமான செறிவு இங்கே பாதகமாகலாம்.

இரவில சாப்பிட்டால் சளி பிடிக்குமா?

கிரீக் யோகட்டுக்கும் தயிருக்கும் இதில் பேதமில்லை. பாலுணவு தொண்டையில் படிந்து சளி போன்ற உணர்வைத் தரும், சளியை உண்டாக்குவதில்லை. உங்களுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் பகலில் சாப்பிடுங்கள்.

சமையலுக்கு எது நல்லது?

வெள்ளரிக்காய்ப் பச்சடிக்குக் கிரீக் யோகட் அருமை. உப்புப் பட்டதும் வெள்ளரி விடும் தண்ணீரை அது தாங்கும். கோழி ஊறவைக்கவும் அப்படியே. மோர் மிளகாய்க்கு அது வீண்செலவு, நீர்த்த புளித்த தயிரே வேண்டும். பழஞ்சோற்றில் பிசைய என்ன வேண்டும் என்று திருகோணமலையில் யாரும் இதுவரை என்னைக் கேட்டதில்லை.

சூடான கறியில் சேர்ப்பதானால், அடுப்பை அணைத்து, இரண்டு கரண்டி குழம்பை யோகட்டில் விட்டுக் கலக்கி, பிறகு சட்டியில் சேருங்கள். கொழுப்பு நீக்கியது சீக்கிரம் திரியும்.

நிலாவெளியில விடுதி வைச்சிருக்கிறன். வெள்ளைக்காரர் காலையில கிரீக் யோகட் கேட்கிறாங்கள். சட்டித் தயிரைக் கிரீக் யோகட் எண்டு குடுத்தால் என்ன?

பெயரை மாற்றிக் கொடுக்காதீர்கள். மேலே சொன்ன வழக்கு உங்களைத் தேடி வராது என்றாலும், கொழுப்பு நீக்கியது என்று நம்பி உண்பவருக்கு 7 சதவீதக் கொழுப்பைக் கொடுப்பது சரியல்ல. அதோடு, தம்பலகாமத்துத் தயிரைக் கிரேக்கத்துப் பெயரில் விற்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. எருமைத் தயிர் என்று எழுதி, சட்டியோடு மேசையில் வையுங்கள்; பாணியைத் தனிக் கிண்ணத்தில் கொடுங்கள். கிரீக் யோகட்தான் வேண்டும் என்பவருக்கு, முந்திய இரவே பசுத்தயிரை வடிதட்டில் வைத்துவிட்டால் விடியும்போது தயாராக இருக்கும். இரவு முழுதும் வடிந்ததால் மிகவும் இறுகியிருந்தால், வடிந்த நீரிலேயே இரண்டு கரண்டி எடுத்து அடித்துக் கலக்குங்கள்.